ஹார்மோன் பிளட் டெஸ்ட் எடுக்கப் போறீங்களா? மணி, நாள், மாத்திரை மூணையும் மொதல்ல பாருங்க

எப்ப பாத்தாலும் அசதி, பீரியட்ஸ் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவதான் வருது, முகத்துல முடி வளருது, ஆம்பளைங்களுக்கு ஆசையே கொறைஞ்சு போச்சு, காரணமே இல்லாம எடை ஏறுது, பிபி மாத்திரை மூணு போட்டும் எறங்கல... இப்படி எதையாவது வச்சுக்கிட்டு சரி ஹார்மோன் செக் பண்ணிடுவோம்னு கிளம்புறவங்க ஏகப்பட்ட பேர். கிளம்புறதுல தப்பே இல்ல. ஆனா இந்த டெஸ்ட்டுல வர்ற நம்பர் தனியா நின்னா அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. எத்தன மணிக்கு ரத்தம் எடுத்தது, பீரியட்ஸ் வந்து எத்தனாவது நாள், என்னென்ன மாத்திரை ஓடிட்டு இருக்கு, இந்த மூணும் கூட இருந்தாதான் டாக்டரால அதப் படிக்கவே முடியும். லேப்ல கேட்டா எப்ப வேணா வாங்கன்னுதான் பெரும்பாலும் சொல்லுவாங்க, அதனால இத நாமதான் தெரிஞ்சு வச்சுக்கணும்.

மொதல்ல ஒரு விஷயம், ஃபுல் ஹார்மோன் பேக்கேஜ்னு பத்து பன்னண்டு டெஸ்ட்ட மொத்தமா கட்டி வச்சிருப்பாங்க பாருங்க, அத நம்பிப் போகாதீங்க. நார்மல் ரேஞ்சுன்னு ரிப்போர்ட்ல போடுறது பொதுவா நல்லா இருக்குற ஆளுங்கள்ல 100க்கு 95 பேர் விழுற எல்லை, அப்ப ஒரு கோளாறும் இல்லாத 5 பேர் அதுக்கு வெளிய நிப்பாங்க. ஒரு டெஸ்ட்டுக்கே இந்தக் கதை. ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத 12 டெஸ்ட் எடுத்தா, எதாவது ஒண்ணு சிவப்பு எழுத்துல வர்றதுக்கு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு, உடம்புல ஒண்ணுமே இல்லாட்டியும். அப்புறம் அந்த ஒரு சிவப்பு நம்பர வச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கூகுள்ல தேடிட்டு உக்காந்திருக்கணும். அதனால என்ன தொந்தரவுக்கு என்ன டெஸ்ட்னு டாக்டர் எழுதிக் கொடுத்தத மட்டும் எடுங்க.

இப்ப அட்ரீனல் பக்கம் வருவோம். கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்குற ரெண்டு சின்ன சுரப்பி, அதுல எல்லாரும் கேக்குறது கார்டிசால், ஸ்ட்ரெஸ் ஹார்மோன்னு சொல்லுவாங்களே அதான். இது ஒருநாளுக்குள்ளயே பயங்கரமா ஏறி எறங்கும். தூங்கி எந்திரிச்சு அரை மணி முக்கா மணிக்குள்ள உச்சத்துக்குப் போகும், அப்புறம் மெதுவா எறங்கிக்கிட்டே வந்து நடு ராத்திரில தரையத் தொடும். காலைல 8 மணிக்கு 14 மைக்ரோகிராம் (ஒரு டெசிலிட்டருக்கு) இருக்குற ஆளுக்கு சாயங்காலம் 5 இருந்தா அது கோளாறு இல்ல, அப்படித்தான் இருக்கணும். ஆனா லேப் ரிப்போர்ட்ல சில சமயம் காலை ரேஞ்ச மட்டும் அச்சடிச்சிருப்பாங்க, மத்தியானம் எடுத்த ரத்தத்த அதோட ஒப்பிட்டா கார்டிசால் கம்மின்னு காட்டும், பாக்குறவங்களுக்கு பகீர்னு ஆயிடும். அதனால கார்டிசால் கம்மியான்னு சந்தேகம்னா காலைல 8 மணி, மிஞ்சிப்போனா 9 மணிக்குள்ள ரத்தம் கொடுத்துடுங்க. நைட் ஷிஃப்ட் பாக்குறவங்களுக்கு இந்த 8 மணிக் கணக்கு ஒத்து வராது, உடம்போட கடிகாரமே மாறி இருக்கும், நீங்க எப்ப தூங்குறீங்க எப்ப எந்திரிக்கிறீங்கன்னு டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லி அதுக்கு ஏத்த மாதிரி நேரம் வாங்கிக்கங்க.

காலை கார்டிசால் 3 மைக்ரோகிராமுக்கு கீழ இருந்தா (ஒரு டெசிலிட்டருக்கு) அட்ரீனல் சரியா வேலை செய்யலன்னு பலமான சந்தேகம். 15, 18னு மேல இருந்தா அந்தக் கோளாறு இருக்குறதுக்கு வாய்ப்பு ரொம்ப கம்மி. நடுவுல நிக்குறவங்கதான் ஜாஸ்தி, அவங்களுக்கு இன்னொரு டெஸ்ட் இருக்கு, ஏசிடிஎச் ஸ்டிமுலேஷன்னு சொல்லுவாங்க. ஏசிடிஎச்ங்கிறது கார்டிசால சுரக்கச் சொல்லி அட்ரீனலுக்கு பிட்யூட்டரி அனுப்புற ஹார்மோன். மொதல்ல ஒரு ரத்தம் எடுத்துட்டு 250 மைக்ரோகிராம் செயற்கை ஏசிடிஎச் ஊசி போட்டு, 30 நிமிஷத்துலயும் 60 நிமிஷத்துலயும் மறுபடி ரத்தம் எடுப்பாங்க, சுரப்பிய உசுப்பி விட்டா எவ்ளோ ஏறுதுன்னு பாக்குறதுதான் விஷயம். ஒரு மணி நேரத்துக்கு மேல அங்கயே இருக்கணும், ஆஃபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிடுங்க.

கார்டிசால் ஜாஸ்தியோ, அதாவது குஷிங்னு சொல்ற கோளாறோன்னு சந்தேகம்னா காலைல சும்மா ஒரு கார்டிசால் எடுக்குறது வேஸ்ட்டு. காலைலதான் எல்லாருக்குமே ஜாஸ்தியா இருக்குமே. அதுக்குன்னு இருக்குறது மூணு: ராத்திரி தூங்கப் போற நேரத்து எச்சில்ல கார்டிசால், 24 மணி நேர யூரின் கார்டிசால், இல்ல டெக்ஸாமெத்தசோன் சப்ரெஷன், அதாவது டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து கார்டிசால் அமுங்குதான்னு பாக்குறது. இந்த மூணாவதுல ராத்திரி 11லேர்ந்து 12 மணிக்குள்ள 1 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு முழுங்கணும், மறுநாள் காலைல 8 இல்ல 9 மணிக்கு ரத்தம் கொடுக்கணும், உடம்பு சரியா இருந்தா கார்டிசால் 1.8 மைக்ரோகிராமுக்குள்ள அமுங்கி இருக்கணும். மாத்திரைய 9 மணிக்கே போட்டுட்டு தூங்குறது, மறந்துட்டு காலைல 5 மணிக்குப் போடுறதுன்னு பண்ணா டெஸ்ட் கெட்டுச்சு. ஃபோன்ல அலாரம் வைங்க. மறந்துட்டா மறந்துட்டேன்னு லேப்ல சொல்லிட்டு இன்னொரு நாள் வாங்க, சும்மா எடுத்துட்டுப் போறதுல பிரயோஜனமே இல்ல. வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமசெபின் எடுக்குறவங்க, டிபிக்கு ரிஃபாம்பிசின் எடுக்குறவங்களுக்கு உடம்பு இந்த டெக்ஸாமெத்தசோன சீக்கிரமே கரைச்சு தள்ளிடும், கார்டிசால் அமுங்காம பொய்யா ஜாஸ்தின்னு வரும், அவங்க இதயும் முன்னாடியே சொல்லணும்.

மருந்து விஷயத்துல ரொம்ப பேர் கோட்டை விடுறது கருத்தடை மாத்திரைல. அதுல இருக்குற ஈஸ்ட்ரோஜன், கார்டிசாலத் தூக்கிட்டுத் திரியிற புரதத்த ஏத்தி விட்டுடும், அப்ப மொத்த கார்டிசால் நம்பர் பெருசா வரும், ஆனா உடம்புக்கு வேலைக்கு ஆகுற கார்டிசால் அதே அளவுதான். பொதுவா ஆறு வாரம் நிறுத்திட்டு எடுக்கச் சொல்லுவாங்க, இல்ல எச்சில் டெஸ்ட்டுக்கு மாத்திடுவாங்க. இன்னொண்ணு ஸ்டீராய்டு. ப்ரெட்னிசோலோன் எடுக்கிறப்ப சில மெஷினுக்கு அது எது கார்டிசால் எதுன்னே பிரிச்சுப் பாக்கத் தெரியாது. மாத்திரை மட்டும்தான் கணக்குன்னு நெனைக்காதீங்க, ஆஸ்துமா இன்ஹேலர், தோலுக்குத் தடவுற க்ரீம், முட்டில போட்ட ஊசி, செவப்பாக்கும்னு வாங்குன பேர் தெரியாத க்ரீம் உட்பட எல்லாமே அட்ரீனலத் தூங்க வைக்கலாம். எல்லாத்தயும் சொல்லுங்க. ஆனா ஒண்ணு நல்லா கேட்டுக்கங்க, ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்குறவங்க டெஸ்ட்டுக்காகன்னு தானா நிறுத்தவே கூடாது. திடீர்னு நிறுத்தினா பிபி விழுந்து வாந்தி மயக்கம்னு உயிருக்கே ஆபத்தாகலாம். எத்தன மணி நேரம் முன்னாடி எத விடணும்ங்கிறத எழுதிக் கொடுத்த டாக்டர் மட்டும்தான் சொல்லணும்.

அட்ரீனல் ஃபேட்டிக்னு ஒரு பேர நெட்டுல பாத்திருப்பீங்க, ஸ்ட்ரெஸ்ஸால சுரப்பி களைச்சுப் போச்சுன்னு சொல்லி நாலு வேளை எச்சில் கிட்டும் அதுக்கு மேட்சிங்கா ஒரு டப்பா சப்ளிமெண்ட்டும் விப்பாங்க. எண்டோகிரைனாலஜி டாக்டருங்க, அதாவது ஹார்மோன் ஸ்பெஷலிஸ்ட்டுங்க, அப்படி ஒரு நோய ஏத்துக்கிறதே இல்ல. நெஜமான அட்ரீனல் குறைபாடு வேற, அதுல எடை கொறையும், எந்திரிச்சு நின்னா தலை சுத்தும், உப்பு மேல ஆசை வரும், அட்ரீனல் சுரப்பியே கெட்டுப் போற அடிசன் நோயா இருந்தா தோலும் கறுக்கும், அத கண்டுபிடிக்கத்தான் மேல சொன்ன டெஸ்ட். வெறும் அசதின்னா மொதல்ல ரத்தசோகை, தைராய்டு, சுகர், தூக்கம் இதப் பாருங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

மத்த அட்ரீனல் டெஸ்ட்ட சுருக்கமா சொல்லிடுறேன். டிஎச்இஏ சல்ஃபேட், அட்ரீனல் சுரக்குற ஆண் ஹார்மோன் வகை, ரொம்ப ஈஸி, நாள் முழுக்க பெருசா மாறாது, எப்ப வேணா கொடுக்கலாம், ஆனா வயசுக்கு ஏத்த ரேஞ்சோடதான் ஒப்பிடணும், இருபதுகள்ல உச்சத்துல இருந்து வயசாக ஆக கொறைஞ்சுக்கிட்டே போறது அது. 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன்னு ஒண்ணு, பிறவிலயே வர்ற ஒரு அட்ரீனல் கோளாறு பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) மாதிரியே வேஷம் போடும், அதப் பிரிச்சுப் பாக்குறதுக்கு. இது கட்டாயம் காலைல, பீரியட்ஸ் வர்றவங்கன்னா ரெண்டுலேர்ந்து அஞ்சாம் நாளுக்குள்ள. கருமுட்டை வெளிய வந்ததுக்கு அப்புறம் எடுத்தா தானாவே ஏறி இருக்கும், தேவையில்லாம பயந்து போவீங்க.

பிபி அடங்காதவங்களுக்கு அல்டோஸ்டிரோனும் ரெனினும் சேத்து எழுதுவாங்க, உடம்புல உப்பையும் பிபியையும் கட்டுப்படுத்துறது இது ரெண்டும். படுத்திருந்துட்டு நேரா போய் கொடுக்கக் கூடாது, எந்திரிச்சு ஒரு ரெண்டு மணி நேரமாவது நடமாடிட்டு, அப்புறம் அஞ்சு பத்து நிமிஷம் உக்காந்துட்டு கொடுக்கணும். பொட்டாசியம் கம்மியா இருந்தா மொதல்ல அத சரி பண்ணிட்டுதான் இந்த டெஸ்ட், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரைய டாக்டர் நாலு வாரம் முன்னாடி மாத்தி விடவும் செய்யலாம். இதுல ஒரு வேடிக்கை பாருங்க, ஏசிடிஎச் எடுத்த ட்யூப உடனே ஐஸ்ல வைக்கணும், வெளிய கெடந்தா கரைஞ்சு போயி பொய்யா கம்மியா காட்டும். ரெனின் ட்யூப ஐஸ்ல வைக்கவே கூடாது, குளிர்ல ப்ரோரெனின், அதாவது ரெனினோட வேலை செய்யாத வடிவம், ரெனினா மாறி பொய்யா ஏறிடும். ஒரே ஆளுக்கு ஒரே நேரத்துல ரெண்டும் எடுத்தா ஒரு ட்யூப் ஐஸ் டப்பால, இன்னொண்ணு வெளிய. அதனால ஏசிடிஎச் இருக்குன்னா வீட்டுக்கு வந்து எடுக்குற சர்வீஸ் வேணாம், சாம்பிள் பைக்ல ஊர் சுத்திட்டு லேப் போய் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும், நேரா லேபுக்கே போங்க. அட்ரீனலின் உடைஞ்சு வர்ற பொருள அளக்குற பிளாஸ்மா மெட்டாநெஃப்ரின்னா அல்டோஸ்டிரோனுக்கு நேர் எதிர், 20லேர்ந்து 30 நிமிஷம் படுத்திருந்துட்டு படுத்தபடியே கொடுக்கணும், முன்னாடி காபி சிகரெட் ரெண்டும் கூடாது.

சரி, செக்ஸ் ஹார்மோன். ஆம்பளைங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன். காலைல 7லேர்ந்து 10 மணிக்குள்ள, வெறும் வயித்துல. வெறும் வயிறு எதுக்குன்னு நெறைய பேர் கேப்பாங்க, குளுக்கோஸ் குடிச்சா டெஸ்டோஸ்டிரோன் கால்வாசி வரைக்கும் எறங்குறது உண்டு, அதனாலதான். இளம் வயசுல காலைக்கும் சாயங்காலத்துக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும், வயசானா அந்த வித்தியாசம் மங்கிடும். ஒருதடவ கம்மியா வந்துட்டா உடனே ஊசி ஜெல்லுன்னு எறங்கிடாதீங்க, வேற ஒரு நாள் காலைல மறுபடி எடுத்து ரெண்டுலயும் கம்மியா இருந்து, கூடவே அறிகுறியும் இருந்தாதான் கணக்கு. எது கம்மிங்கிறதுலயே ஒரே கருத்து கிடையாது, ஒரு கைட்லைன் 300 நானோகிராம்னு (ஒரு டெசிலிட்டருக்கு) சொல்லும் இன்னொண்ணு 264னு சொல்லும். ஜுரம், ஆஸ்பத்திரில படுத்து எந்திரிச்சது, ராத்திரி முழுக்க தூக்கமில்ல, இதுல எது இருந்தாலும் நம்பர் விழும், உடம்பு தேறுனதுக்கு அப்புறம் எடுங்க. பலமான வலி மாத்திரை, அதாவது ஓபியாய்டு வகை, அதுவும் எறக்கும். கம்மின்னு உறுதியானா அப்புறம் எல்எச், எஃப்எஸ்எச்னு பிட்யூட்டரி சுரக்குற ரெண்டு ஹார்மோனப் பாத்தா கோளாறு விந்தகத்துலயா இல்ல மூளைக்கு அடில இருக்குற பிட்யூட்டரிலயான்னு புரியும், இது ரெண்டும் ஏறி இருந்தா விந்தகம், ஏறாம சும்மா இருந்தா பிட்யூட்டரி பக்கம்.

குண்டா இருக்குறவங்க, சுகர் இருக்குறவங்களுக்கு இன்னொரு சிக்கல். டெஸ்டோஸ்டிரோன்ல பெரும்பகுதி எஸ்எச்பிஜிங்கிற புரதத்தோடயும் ஆல்புமினோடயும் ஒட்டிக்கிட்டுதான் ரத்தத்துல சுத்தும், ரெண்டு சதவீதம் மாதிரிதான் ஃப்ரீ. எடை கூடினா எஸ்எச்பிஜி கொறையும், அதனால மொத்த நம்பரும் கொறையும், ஆனா ஃப்ரீ சரியாவே இருக்கலாம். வயசானா, கல்லீரல் கோளாறு இருந்தா, தைராய்டு ஜாஸ்தியா இருந்தா இது தலைகீழ். அதனால சந்தேகமான நம்பர்னா எஸ்எச்பிஜியும் ஆல்புமினும் சேத்து எடுத்து ஃப்ரீய கணக்குப் போட்டு எடுக்கச் சொல்லுங்க. நேரடியா ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்னு சல்லிசா ஒரு டெஸ்ட் விப்பாங்க, பெரும்பாலும் அத நம்ப முடியாது. ஏற்கனவே ஜெல் தடவுறவங்க, ரத்தம் எடுக்கப் போற கைல தடவாதீங்க, தோல்ல ஒட்டி இருக்குறது ஊசியோட கலந்து நம்பர் எங்கயோ போயிடும்.

பொண்ணுங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவே ரொம்ப கம்மி, சாதாரண மெஷின் அந்தக் கம்மி அளவுல தடுமாறும், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிங்கிற இன்னும் துல்லியமான முறைல பண்ற லேப் கெடைச்சா அங்க கொடுங்க. பிசிஓஎஸ்ஸான்னு பாக்கணும்னா கருத்தடை மாத்திரைய விட்டு மூணு மாசமாவது ஆகி இருக்கணும், விடுறதுக்கு முன்னாடி வேற தடுப்புக்கு வழி பண்ணிக்கங்க.

எல்எச், எஃப்எஸ்எச், எஸ்ட்ரடயால் (முக்கியமான ஈஸ்ட்ரோஜன்) மூணும் பீரியட்ஸ் ரெண்டுலேர்ந்து அஞ்சாம் நாளுக்குள்ள ஒண்ணா எடுக்கணும். மொத நாள் எதுங்கிறதுலதான் எல்லாருக்கும் குழப்பம், லேசா கறை படுறது கணக்குல வராது, நல்லா ரத்தம் போக ஆரம்பிச்ச நாள்தான் மொத நாள். எஃப்எஸ்எச்ச மட்டும் தனியா எடுக்காதீங்க, எஸ்ட்ரடயால் ஏறி இருந்தா அது எஃப்எஸ்எச்ச அமுக்கி வச்சு எல்லாம் நல்லா இருக்குன்னு காட்டிடும். கருமுட்டை இருப்பக் காட்டுற ஏஎம்எச்சுக்கு நாள் பாக்கத் தேவையில்ல. பீரியட்ஸ் வரவே இல்லன்னா நாள் எண்ண முடியாதுதான், மொதல்ல பிரெக்னன்சி டெஸ்ட் பாத்துட்டு எந்த நாள் வேணா கொடுங்க.

கருமுட்டை வெளிய வந்துச்சான்னு பாக்குற புரோஜெஸ்டிரோன்தான் அதிகமா தப்பா எடுக்கப்படுற டெஸ்ட்னு நெனைக்கிறேன். 21ஆம் நாள் எடுங்கன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதிடுறாங்க, அது 28 நாள் சைக்கிள் இருக்குறவங்களுக்கு மட்டும். உண்மையான கணக்கு, அடுத்த பீரியட்ஸ் வரப் போற தேதிலேர்ந்து ஏழு நாள் முன்னாடி. 35 நாள் சைக்கிள்னா 28ஆம் நாள். 21ல எடுத்தா அப்பதான் கருமுட்டையே வெளிய வந்துட்டு இருக்கும், நம்பர் கம்மியா வரும், கருமுட்டையே வரலன்னு ஒரு மாசம் அழுதுட்டு இருப்பீங்க. 3 நானோகிராமுக்கு மேல (ஒரு மில்லிலிட்டருக்கு) இருந்தா கருமுட்டை வெளிய வந்திருக்குன்னு எடுத்துக்கலாம். ரத்தம் கொடுத்துட்டு அடுத்த பீரியட்ஸ் என்னிக்கு வந்துச்சுன்னு குறிச்சு வைங்க, அத வச்சுதான் சரியான நாள்ல எடுத்தோமான்னே தெரியும்.

45 வயசு தாண்டி பீரியட்ஸ் தள்ளித் தள்ளிப் போகுது, உடம்பு திடீர்னு சூடாகுது வேர்க்குதுன்னா மெனோபாஸ் நெருங்குதுன்னு சொல்ல டெஸ்ட்டே தேவையில்ல, அந்த வயசுல எஃப்எஸ்எச் இந்த மாசம் ஏறும் அடுத்த மாசம் எறங்கும். 40க்கு கீழ இருந்து மாசக்கணக்கா வரலன்னா அது வேற, அப்ப டெஸ்ட் கட்டாயம்.

தாய்ப்பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஒரு தொட்டாச்சிணுங்கி, தூக்கம், ஓட்டம், டென்ஷன், ஊசிய பாத்து பயந்தது எல்லாத்துக்கும் ஏறும். எந்திரிச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு, பத்து பதினஞ்சு நிமிஷம் அமைதியா உக்காந்துட்டு கொடுங்க. வாந்திக்குப் போடுற டாம்பெரிடோன், மெட்டோக்ளோப்ரமைட், மனநல மாத்திரைல ரிஸ்பெரிடோன் இதெல்லாம் நல்லாவே ஏத்தும். ஜாஸ்தியா வந்து அறிகுறி ஒண்ணுமே இல்லன்னா எம்ஆர்ஐக்கு ஓடுறதுக்கு முன்னாடி மேக்ரோபுரோலாக்டின் (உடம்புல பெருசா வேலை செய்யாத புரோலாக்டின் வடிவம்) பாத்தாச்சான்னு கேளுங்க.

பயோட்டினப் பத்தி சொல்லாம விட முடியாது. முடிக்கும் நகத்துக்கும்னு விக்கிற மாத்திரைல 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கும், ஒருநாளைக்கு பெரியவங்களுக்குத் தேவை 30தான். நெறைய மெஷின் பயோட்டின வச்சே வேலை செய்யுறதால, ரத்தத்துல அது மிதந்தா டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ரடயால், கார்டிசால் பொய்யா ஏறலாம், எல்எச், எஃப்எஸ்எச், புரோலாக்டின், தைராய்டு டிஎஸ்எச் பொய்யா எறங்கலாம். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே எச்சரிக்கை விட்டிருக்கு. ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க, நோய்க்காக டாக்டர் பெரிய டோஸ் கொடுத்திருந்தா மட்டும் அவர்கிட்ட கேட்டுட்டு. முடி கொட்டுதுன்னு ஹார்மோன் பாக்க வர்றவங்கதான் இந்த மாத்திரையும் போட்டுக்கிட்டு இருப்பாங்க, கேட்டாலும் வைட்டமின்தானேன்னு நெனைச்சு சொல்லாம விட்டுடுவாங்க.

டெஸ்ட் அன்னிக்கு தண்ணி தாராளமா குடிங்க, நரம்பு நல்லா கெடைக்கும். முந்தின நாள் ஜிம்ல உயிரக் கொடுக்காதீங்க. ஊசிக்கு மயக்கம் வர்ற ஆளுன்னா படுத்துக்கிறேன்னு மொதல்லயே சொல்லிடுங்க. ஃபார்ம்ல ரத்தம் எடுத்த நேரம், கடைசி பீரியட்ஸ் தேதி, ஓடுற மாத்திரை எல்லாத்தயும் எழுதச் சொல்லுங்க, எழுதலன்னா நீங்களே ஃபோன்ல அந்த ட்யூப் ஸ்டிக்கரையும் மணியையும் ஃபோட்டோ எடுத்து வைங்க. ரிப்போர்ட்ல போடுற நேரம் சில சமயம் பில் போட்ட நேரமா இருக்கும்.

ரிசல்ட் வந்ததும் நம்பருக்கு முன்னாடி யூனிட்ட பாருங்க. டெஸ்டோஸ்டிரோன் 300ம் 3ம் 10.4ம் ஒரே அளவுதான், ஒண்ணு டெசிலிட்டருக்கு நானோகிராம், ஒண்ணு மில்லிலிட்டருக்கு நானோகிராம், ஒண்ணு லிட்டருக்கு நானோமோல். கார்டிசால்ல 10 மைக்ரோகிராம்னா இன்னொரு யூனிட்ல 276னு நிக்கும். லேபுக்கு லேப் மெஷின் வேற, ரேஞ்சும் வேற, அதனால மறுபடி எடுக்கும்போது அதே லேப், அதே நேரம், பீரியட்ஸ் வர்றவங்கன்னா சைக்கிள்ல அதே நாள். பழைய ரிப்போர்ட்ட தூக்கிப் போடாம ஒரே ஃபைல்ல வச்சு, ஒவ்வொண்ணு மேலயும் மணியையும் நாளையும் பேனாவால எழுதி அப்படியே டாக்டர்கிட்ட கொடுத்துடுங்க.